இருப்பில் இருப்பதும் கையில் இருப்பதும்

2022 மே மாதத்தில் இலங்கையின் எரிசக்தி அமைச்சர் காஞ்சன விஜேசேகர நாடாளுமன்றத்தில் விஷயத்தைப் போட்டு உடைத்தார். பெட்ரோல் ஏற்றிய கப்பல் ஒன்று மார்ச் 28ஆம் தேதியிலிருந்து இலங்கைக் கடலில் நங்கூரம் போட்டு நிற்கிறது. காசு கட்டி இறக்க டாலர் இல்லை. ஜனவரியில் வந்த இன்னொரு சரக்குக்காக அதே நிறுவனத்துக்கு 5.3 கோடி டாலர் பாக்கி வேறு. இரண்டையும் தீர்த்தால்தான் சரக்கை விடுவோம் என்று கப்பல்காரர்கள் கறாராக நின்றார்கள். அதே மாதத் தொடக்கத்தில் நிதியமைச்சர் அலி சப்ரி சொன்ன கணக்கை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: பயன்படுத்தக்கூடிய நிலையில் நாட்டிடம் இருக்கும் அந்நியச் செலாவணி 5 கோடி டாலருக்கும் கீழே. ஒரே ஒரு கப்பல் நிறுவனத்தின் பழைய பாக்கியைத் தீர்க்க ஒரு தேசத்தின் கஜானாவில் காசு இல்லை.

இத்தனைக்கும் மார்ச் இறுதிப் புள்ளிவிவரத்தில் கையிருப்பு 190 கோடி டாலர் அளவில் இருந்தது. அதில் சுமார் 150 கோடி டாலர் பெறுமானம் சீன மத்திய வங்கியுடன் போட்ட ஸ்வாப் ஒப்பந்தம் (அவரவர் நாணயத்தை மாற்றிக்கொண்டு பிறகு திருப்பித் தருவது) வழியாக வந்த யுவான். மூன்று மாத இறக்குமதிக்குப் போதுமான கையிருப்பு இருந்தால்தான் அதைத் தொடலாம் என்பது நிபந்தனை. அவ்வளவு கையிருப்பு உள்ள நாடு அதை எதற்குத் தொடப் போகிறது என்று கேட்டுவிடாதீர்கள்.

பன்னாட்டுப் பணப்புழக்கம் என்று பொருளாதாரப் பாடங்களில் வரும் சமாச்சாரம் நடைமுறையில் இப்படித்தான் முகம் காட்டுகிறது. குறித்த தேதியில், எதிராளி வாங்கிக்கொள்கிற பணத்தில், உங்களால் கொடுக்க முடியுமா? மற்றதெல்லாம் அப்புறம்.

டாலரின் ஆட்சி முடிகிறதா, தொடர்கிறதா என்று மாதம் ஒரு விவாதமாவது கண்ணில் படுகிறது. பெரும்பாலும் ஒரே எண்ணைப் பிடித்துக்கொண்டுதான் சண்டை. உலக மத்திய வங்கிகளின் கையிருப்பில் டாலரின் பங்கு 2000 வாக்கில் 70 சதவீதத்துக்கு மேல் இருந்தது; 2024இல் 58 சதவீதத்துக்கு அருகில். ஒரு தரப்பு ‘பார்த்தீர்களா, சரிவு’ என்கிறது. இன்னொரு தரப்பு ‘யூரோ வெறும் 20, யுவான் இரண்டு சொச்சம்’ என்கிறது. இரண்டு தரப்பும் பார்ப்பது நல்ல நாளின் கணக்கு. கெட்ட நாளில், கேட்ட மாத்திரத்தில், அந்தப் பணத்தை உண்டாக்கித் தரக்கூடியவர் யார், அதை யாருக்குத் தருவார்? நாடுகள் கையிருப்பாகச் சேர்த்துவைக்கும் இருப்பு நாணயத்தின் பலம் என் கணக்கில் அங்கேதான் இருக்கிறது.

வங்கி ஒன்றின் வெளிநாட்டுப் பரிவர்த்தனைப் பிரிவில், நாஸ்ட்ரோ கணக்குகளை, அதாவது வெளிநாட்டு வங்கிகளில் எங்கள் வங்கி வைத்திருந்த கணக்குகளை, சரிபார்க்கும் மேசையில், சில காலம் குப்பை கொட்டியவன் நான். அங்கே உட்கார்ந்தவர்களுக்கு முதலில் புரிவது, டாலர் அமெரிக்காவை விட்டு வெளியே போவதே இல்லை என்பதுதான். தாள்களைச் சொல்லவில்லை; தாள் எங்கு வேண்டுமானாலும் போகும். வணிகம் நடக்கிற டாலரைச் சொல்கிறேன்.

எகிப்தில் ஒரு நிறுவனம் ருமேனியாவிலிருந்து கோதுமை வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒப்பந்தம் டாலரில். கெய்ரோ வங்கிக்கு நியூயார்க் வங்கி ஒன்றில் கணக்கு இருக்கும். புக்கரெஸ்ட் வங்கிக்கு இன்னொரு நியூயார்க் வங்கியில் கணக்கு இருக்கும். கெய்ரோவிலிருந்து ஸ்விஃப்ட் வழியாக ஒரு செய்தி போகிறது. ஸ்விஃப்ட் பணத்தை நகர்த்துவதில்லை. 1973இல் பெல்ஜியத்தில் வங்கிகள் சேர்ந்து தொடங்கிய கூட்டுறவு அமைப்பு அது, வேலை செய்தியைக் கொண்டுசேர்ப்பது மட்டும். செய்தி கிடைத்ததும் முதல் நியூயார்க் வங்கி கெய்ரோவின் கணக்கில் பற்று வைக்கிறது. ஃபெட்வயர் அல்லது சிப்ஸ் என்ற தீர்வு அமைப்பு வழியாக இரண்டாவது வங்கிக்குத் தொகை மாறுகிறது. அது புக்கரெஸ்டின் கணக்கில் வரவு வைக்கிறது. கோதுமை கருங்கடலைத் தாண்டி, பாஸ்பரஸ் நீரிணையைத் தாண்டிப் போய்ச் சேர வேண்டும். டாலருக்கோ மன்ஹாட்டனுக்குள் ஒரு பேரேட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதோடு வேலை முடிந்தது.

மேசையில் உட்கார்ந்தவனுக்குத் தலைவலி வேறு மாதிரி. ஒரு லட்சம் டாலர் அனுப்பினால் 99,975 வந்து நிற்கும். நடுவில் இருந்த எந்த வங்கி 25 டாலரைப் பிடித்தது என்று தேடுவதற்குள் மதியச் சாப்பாடு ஆறிவிடும். கட்டணம் யார் தலையில் என்பதைக் குறிக்கும் குறியீட்டில் ‘அனுப்புநர்’ என்பதற்குப் பதில் ‘பகிர்வு’ என்று விழுந்திருக்கும். பெறுநர் பெயரில் ஓர் எழுத்து தடைப்பட்டியலில் உள்ள யாருடைய பெயரையாவது ஒத்துப்போனால் போச்சு, அன்றைக்குள் பணம் போகாது. நியூயார்க்கின் கட்-ஆஃப் நேரம் தாண்டினால் மதிப்புத் தேதி, அதாவது பணம் கணக்கில் ஏறும் தேதி, மறுநாள். மறுநாள் அமெரிக்க விடுமுறை என்றால் அதற்கும் மறுநாள். வாங்குபவரும் விற்பவரும் அமெரிக்கர்கள் இல்லை. ஆனால் அமெரிக்க விடுமுறைப் பட்டியல் மேசைக் கண்ணாடிக்கடியில் இருந்தே ஆக வேண்டும்.

இந்த நேர வித்தியாசம் எவ்வளவு தூரம் கடிக்கும் என்று உலகம் தெரிந்துகொண்ட நாள் 1974 ஜூன் 26. கொலோன் நகரத்தின் ஹெர்ஷ்டாட் வங்கியின் உரிமத்தை ஜெர்மன் கண்காணிப்பு அதிகாரிகள் அன்று மாலை ரத்து செய்தார்கள். ஜெர்மனியில் வேலை நேரம் முடிந்துவிட்டது, ஆகவே ஒழுங்காக மூடிவிட்டோம் என்று அவர்களுக்குத் திருப்தி. நியூயார்க்கில் அப்போது காலை 10.30. அன்று ஹெர்ஷ்டாட்டுடன் ஜெர்மன் மார்க்–டாலர் மாற்று வைத்திருந்த வங்கிகள் தங்கள் பங்கு மார்க்கை ஏற்கெனவே கொடுத்துவிட்டன. பதிலுக்கு வர வேண்டிய டாலர் இனிமேல்தான் நியூயார்க்கில் வர வேண்டும். வரவில்லை. ஒரு கையால் கொடுத்து மறு கையால் வாங்குவதற்கு இடையில் சில மணி நேரம் இருந்தது. அந்த இடைவெளிக்குள் வங்கியே காணாமல் போனது. வங்கிக் கண்காணிப்புக்கான பாசெல் குழு அந்த ஆண்டின் இறுதியிலேயே அமைந்தது. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் தீர்க்கும் சிஎல்எஸ் வங்கி வேலையைத் தொடங்கியது 2002இல். நடுவில் 28 ஆண்டுகள். நிதி உலகத்தில் கோளாறு வேகமாகப் பரவும், பரிகாரம் ஆடி அசைந்துதான் வரும்.

சரி, மூன்றாவது நாட்டின் பணத்தை ஏன் நடுவில் இழுக்க வேண்டும்? எகிப்து பவுண்டைக் கொடுத்து ருமேனிய லெயு வாங்கக் கூடாதா? வாங்கலாம். அந்த ஜோடியில் அன்றைக்கு எதிர்ப்பக்கம் ஆள் வேண்டும். 150 நாணயங்கள் இருக்கிற உலகத்தில் எல்லா ஜோடிகளுக்கும் சந்தை வைத்தால் 11,175 சந்தைகள். ஒன்றை நடுவில் வைத்தால் 149 போதும். பதினோராயிரத்துச் சொச்சம் சந்தைகளில் பெரும்பாலானவை ஈயாடும். வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில் லாரி போகலாம். அதனால் எல்லாரும் கூட்டம் இருக்கிற இடத்துக்கே போகிறார்கள், போகப் போகக் கூட்டம் இன்னும் கூடுகிறது. பன்னாட்டுத் தீர்வு வங்கி 2022இல் எடுத்த கணக்கெடுப்பில் உலக நாணயச் சந்தையின் ஒரு நாள் வியாபாரம் 7.5 லட்சம் கோடி டாலர். அதில் 88 சதவீதத்தில் ஒரு பக்கம் டாலர் இருந்தது. இதில் சதியும் இல்லை, சாமர்த்தியமும் இல்லை. கூட்டத்தின் கணக்கு.

சிக்கல் கையிருப்பில்தான் தொடங்குகிறது. கூட்டம் டாலரில் இருந்தால், அவசரத்துக்கு டாலர் வைத்திருக்க வேண்டும். எவ்வளவு வைத்தால் போதும்? இதற்குத் தென்கொரியாவைப் போல இரண்டு தடவை விலை கொடுத்துப் பாடம் படித்த நாடு இல்லை.

1997 நவம்பர் இறுதியில் கொரியாவின் அதிகாரபூர்வக் கையிருப்பு சுமார் 2,400 கோடி டாலர். உண்மையில் எடுத்துச் செலவழிக்கக்கூடியது 700 கோடி சொச்சம். மீதியை மத்திய வங்கி கொரிய வங்கிகளின் வெளிநாட்டுக் கிளைகளில் டெபாசிட்டாகப் போட்டிருந்தது. அந்தக் கிளைகள் அதைக் கடன் அடைக்கவே பயன்படுத்திவிட்டன. திரும்பக் கேட்டால் வங்கி விழும். அதாவது கணக்கில் இருந்தது, கையில் இல்லை. டிசம்பர் 3ஆம் தேதி ஐஎம்எஃப் என்ற பன்னாட்டு நாணய நிதியத்துடன் ஒப்பந்தம். அடுத்த மாதம் லட்சக்கணக்கான மக்கள் வரிசையில் நின்று மோதிரத்தையும் சங்கிலியையும் கழற்றிக் கொடுத்தார்கள். 200 டன்னுக்கு மேல் தங்கம் சேர்ந்தது.

பட்ட சூடு ஆறவில்லை. அடுத்த பத்தாண்டுகள் கொரியா டாலர் சேர்த்தது. 2008 செப்டம்பரில் கையிருப்பு 24,000 கோடி டாலருக்கு நெருக்கம், உலகத்தின் பெரிய கையிருப்புகளில் ஒன்று. அமெரிக்க முதலீட்டு வங்கி லேமன் விழுந்ததும் அதுவும் போதவில்லை. ஆண்டுத் தொடக்கத்தில் டாலருக்கு 940 வொன் அளவில் இருந்த மதிப்பு அக்டோபர் பிற்பாதியில் 1,400ஐத் தாண்டியது. கையிருப்பைச் செலவழித்துப் பார்த்தார்கள். ஒவ்வொரு தடவை எண் குறையும்போதும் சந்தை இன்னும் மிரண்டது. இதில்தான் எனக்குச் சுவாரசியம்: கையிருப்பு என்பது காட்டி மிரட்டுவதற்கான தடி, எடுத்து அடித்தால் நீளம் குறைந்துகொண்டே போகும். அக்டோபர் 29ஆம் தேதி அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் (சுருக்கமாக ஃபெட்), கொரியா, பிரேசில், மெக்சிகோ, சிங்கப்பூர் ஆகிய நான்கு நாடுகளுக்கும் ஆளுக்கு 3,000 கோடி டாலர் வரை ஸ்வாப் தருவதாக அறிவித்தது. மறுநாள் ஒரே நாளில் வொன் பத்து சதவீதத்துக்கு மேல் ஏறியது. 24,000 கோடி சாதிக்காததை, இன்னும் ஒரு டாலர்கூட எடுக்காத 3,000 கோடியின் அறிவிப்பு சாதித்தது. முதலாவது தீர்ந்துபோகிற பணம். இரண்டாவதின் பின்னால் நின்றது அச்சகம்.

ஸ்வாப் என்றால் என்ன நடக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், கேட்பதற்கு என்னவோ போல இருந்தாலும் விஷயம் எளிது. ஐரோப்பிய மத்திய வங்கியை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபெட் தன் புத்தகத்தில் ஐரோப்பியர் பெயரில் டாலர் வரவு வைக்கிறது. ஐரோப்பியர் தங்கள் புத்தகத்தில் ஃபெட் பெயரில் அதே மதிப்புக்கு யூரோ வரவு வைக்கிறார்கள். குறித்த நாளில், எடுத்த அன்றைய அதே மாற்று விகிதத்தில், இரண்டு பேரும் திரும்ப மாற்றிக்கொள்கிறார்கள். டாலர் வாங்கியவர் வட்டி கட்டுகிறார். அந்த டாலரை எந்த வங்கிக்குக் கொடுப்பது என்று ஐரோப்பியர் முடிவு செய்கிறார்கள். அந்த வங்கி விழுந்தால் நஷ்டமும் அவர்களுடையதே. இரண்டு பேரேடுகளில் நான்கு வரிகள். டாலர் பிறந்துவிட்டது.

2007 டிசம்பரில் இது ஐரோப்பாவுக்கு 2,000 கோடி, சுவிட்சர்லாந்துக்கு 400 கோடி டாலர் என்று அடக்கமாக ஆரம்பித்தது. 2008 அக்டோபரில் ஐரோப்பா, பிரிட்டன், சுவிட்சர்லாந்து, ஜப்பான் ஆகியோருக்கு உச்சவரம்பையே எடுத்துவிட்டார்கள். டிசம்பரில் வெளியே நின்ற தொகை 58,000 கோடி டாலரை எட்டியது. ஐரோப்பாவின் வங்கிகளுக்கு இவ்வளவு டாலர் எதற்கு? அவர்கள் குறுகிய காலத்துக்கு டாலரைக் கடன் வாங்கி அமெரிக்க வீட்டுக்கடன் பத்திரங்களில் போட்டிருந்தார்கள். கடன் கொடுத்தவர்கள் கையை இழுத்துக்கொண்டதும் பத்திரத்தை விற்கவும் முடியவில்லை, டாலரைப் புரட்டவும் முடியவில்லை. அவர்களுடைய சொந்த மத்திய வங்கியால் யூரோவை எவ்வளவு வேண்டுமானாலும் தர முடியும். டாலரை ஒரு சென்ட்கூட உண்டாக்க முடியாது.

அமெரிக்காவுக்கு வெளியே டாலரில் கடன் கொடுத்து வாங்கும் இந்த உலகம் பழையது. 1950களில் பனிப்போர் சூட்டில், தங்கள் டாலர் இருப்பை அமெரிக்கா முடக்கிவிடும் என்று அஞ்சிய சோவியத் அரசு அதை பாரீஸிலும் லண்டனிலும் தனக்குச் சொந்தமான வங்கிகளுக்கு மாற்றியது. பாரீஸ் வங்கியின் டெலக்ஸ் முகவரி ‘யூரோபேங்க்’. அப்படி வந்ததுதான் யூரோடாலர் என்ற பெயர் என்கிறார்கள். யூரோ நாணயத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. முதலாளித்துவத்தின் மாபெரும் கடன் சந்தை ஒன்றுக்குப் பெயர் வைத்தவர்கள் கம்யூனிஸ்டுகள். 2024 வாக்கில் அமெரிக்காவுக்கு வெளியே வங்கியல்லாத கடனாளிகள் மட்டும் டாலரில் தர வேண்டியிருந்த கடன் சுமார் 13 லட்சம் கோடி. அமெரிக்கக் கண்காணிப்புக்கு நேரடியாக உட்படாத இடங்களில் பிறந்த கடன் இதில் நிறைய. ஆனால் நெருக்கடி வரும்போது கதவைத் தட்டுவது வாஷிங்டனில்.

ராபர்ட் ட்ரிஃபின் என்ற பெல்ஜியத்துப் பொருளாதார அறிஞர் 1960 வாக்கிலேயே இதன் வேரைத் தொட்டுக் காட்டினார். அன்றைக்கு 35 டாலர் கொடுத்தால் ஓர் அவுன்ஸ் தங்கம் என்று அமெரிக்கா வெளிநாட்டு அரசுகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தது. உலக வணிகம் வளர டாலர் வெளியே போய்க்கொண்டே இருக்க வேண்டும். போகப் போக, வெளியே இருக்கும் டாலருக்கு ஈடாக உள்ளே தங்கம் இருக்காது. டாலரை நிறுத்தினால் உலகத்துக்கு மூச்சு முட்டும், நிறுத்தாவிட்டால் வாக்கு பொய்க்கும். 1971 ஆகஸ்ட் 15ஆம் தேதி அமெரிக்க அதிபர் நிக்சன் தங்கக் கதவைச் சாத்தினார். அத்தோடு டாலர் ஒழிந்தது என்று எழுதியவர்கள் நிறைய. நடந்தது தலைகீழ்: தங்கத்தின் இடத்தில் அமெரிக்கக் கருவூலக் கடன்பத்திரம் வந்து உட்கார்ந்தது. உலகத்துக்குக் கையிருப்பு வேண்டுமென்றால் அமெரிக்கா கடன்பட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ட்ரிஃபினின் முடிச்சு அவிழவில்லை, இடம் மாறியிருக்கிறது.

2020 மார்ச்சில் அந்தக் கடன்பத்திரத்துக்கே ஆட்டம் கொடுத்தது. பெருந்தொற்றுப் பீதியில் எல்லாரும் ரொக்க டாலருக்குப் பாய்ந்தார்கள். வெளிநாட்டு மத்திய வங்கிகள் அமெரிக்கப் பத்திரங்களை வந்த விலைக்கு விற்றன. ஃபெட் மறுபடி ஸ்வாப்பைத் திறந்தது. இதில் அடுக்குமுறையைக் கவனிக்க வேண்டும். கனடா, பிரிட்டன், ஜப்பான், சுவிட்சர்லாந்து, யூரோ நாடுகள் — இந்த ஐந்து மத்திய வங்கிகளுக்கும் நிரந்தர ஸ்வாப். இன்னும் ஒன்பது பேருக்குத் தற்காலிகமாக, உச்சவரம்போடு. மற்றவர்களுக்கு ஃபிமா ரெப்போ என்றொரு வசதி: உங்களிடம் அமெரிக்கக் கடன்பத்திரம் இருந்தால் அடகு வைத்து டாலர் வாங்கிக்கொள்ளலாம். பத்திரமும் இல்லாதவர்கள் ஐஎம்எஃப் வாசலில் வரிசை. யாருக்கு எந்த வாசல் என்பதை எந்த உலகச் சபையும் ஓட்டுப் போட்டு முடிவு செய்யவில்லை.

கொடுக்கிற கை பிடித்தும் வைக்கும் என்பது 2022 பிப்ரவரியில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. உக்ரைன் மீதான படையெடுப்பை அடுத்து ரஷ்ய மத்திய வங்கியின் சுமார் 30,000 கோடி டாலர் மதிப்புள்ள சொத்துகள் முடக்கப்பட்டன. அதில் பெரும்பகுதி டாலர்கூட இல்லை. பத்திரங்களைப் பாதுகாத்து வைக்கும் பெல்ஜிய நிறுவனமான யூரோகிளியரில் இருந்த யூரோ சொத்து. டாலரிலிருந்து யூரோவுக்கு மாறினால் தப்பலாம் என்ற கணக்கும் அத்தோடு காலி. அதற்குப் பிறகு மூன்று ஆண்டுகள் தொடர்ந்து மத்திய வங்கிகள் ஆண்டுக்கு 1,000 டன்னுக்கு மேல் தங்கம் வாங்கியது தற்செயல் இல்லை. தங்கத்தை உங்கள் ஊர்ப் பெட்டகத்தில் வைத்துக்கொள்ளலாம், யாரும் பேரேட்டில் கோடு போட்டு முடக்க முடியாது. ஆனால் கப்பல்காரரிடம் தங்கக் கட்டியை நீட்ட முடியாது. அதை விற்று ஆக வேண்டும், விற்றால் வருவது பெரும்பாலும் டாலர்.

சொந்த நாணயங்களிலேயே வணிகம் செய்துகொள்வோம் என்ற யோசனையும் அதே காலத்தில் சூடு பிடித்தது. ரஷ்யாவும் இந்தியாவும் ரூபாயில் முயன்றன. ரஷ்யா எண்ணெயை ஏராளமாக விற்றது. பதிலுக்கு இந்தியாவிடமிருந்து வாங்கியது கொஞ்சம். 2023 மே மாதம் கோவாவில் ரஷ்ய வெளியுறவு அமைச்சர் லாவ்ரோவ் வெளிப்படையாகவே சொன்னார்: இந்திய வங்கிகளில் எங்களுக்கு நூற்றுக்கணக்கான கோடி ரூபாய் குவிந்து கிடக்கிறது, அதைப் பயன்படுத்த வேண்டும், அதற்கு வேறு நாணயமாக மாற்ற வேண்டும். பில் போடுவது சுலபம். வாங்கிய பணத்தை அப்புறம் என்ன செய்வது என்ற இடத்தில்தான் எல்லாத் திட்டமும் இடறி விழுகிறது. டாலர் வாங்கியவர் அன்று மாலையே அதை வட்டிக்குப் போடலாம், நாளைக்கு விற்கலாம், யாரையும் அனுமதி கேட்க வேண்டாம்.

1944இல், போருக்குப் பிந்தைய பண ஒழுங்கை வகுக்க அமெரிக்காவின் பிரெட்டன் வுட்ஸில் 44 நாடுகள் கூடுவதற்கு முன்பே, பிரிட்டிஷ் பொருளாதார அறிஞர் கெயின்ஸ் ‘பேன்கோர்’ என்றொரு பொது நாணயத்தை வரைந்து வைத்திருந்தார். கடனாளி நாட்டுக்கு மட்டுமல்லாமல், அளவுக்கு மீறி உபரி சேர்க்கும் நாட்டுக்கும் அபராதம் என்பது அதன் அழகு. அன்றைக்கு உபரி சேர்த்துக்கொண்டிருந்தது அமெரிக்கா, ஒப்புக்கொள்ளுமா? அதன் தூரத்து வாரிசாக 1969இல் வந்தது ஐஎம்எஃப் உறுப்பு நாடுகளுக்கு ஒதுக்கும் கையிருப்புச் சொத்தான எஸ்டிஆர். 2021 ஆகஸ்டில் 65,000 கோடி டாலர் மதிப்புக்கு அதை ஒரே மூச்சில் ஒதுக்கினார்கள். ஒதுக்கீடு ஐஎம்எஃப்பில் அவரவர் பங்கின் அளவான கோட்டாப்படி என்பதால் ஏழை நாடுகளுக்குக் கிடைத்தது சுமார் 2,100 கோடி. எஸ்டிஆரை வைத்துக் கோதுமை வாங்க முடியாது. வேறொரு அரசிடம் கொடுத்து டாலரோ யூரோவோ ஆக்கிக்கொள்ள வேண்டும்.

யுவானைப் பற்றிக் கேட்பவர்களுக்கு நான் சொல்வது, பங்கு விழுக்காட்டை விடுங்கள், ஸ்வாப்பின் ஷரத்துகளைப் படியுங்கள் என்பதுதான். 2023 ஜூன் 30ஆம் தேதி அர்ஜென்டினா ஐஎம்எஃப்புக்கு 270 கோடி டாலர் தவணை கட்ட வேண்டியிருந்தது. ஒரு டாலர்கூடத் தொடாமல் கட்டியது: பெரும்பகுதி எஸ்டிஆர், மீதி சுமார் 100 கோடி டாலர் பெறுமான யுவான். டாலரின் காலம் முடிந்தது என்று அன்று தலைப்புகள் பறந்தன. அந்த யுவான் பெய்ஜிங்கிடம் ஸ்வாப்பில் வாங்கியது, திரும்பக் கொடுக்க வேண்டியது. அதே மாதம் புதுப்பித்த அந்த ஒப்பந்தத்தின் மொத்த அளவு 13,000 கோடி யுவான். அதில் அர்ஜென்டினா தாராளமாக எடுத்துச் செலவழிக்கக் கிடைத்தது 7,000 கோடி.